பழைய ரேசிங் சைக்கிளுக்கு இன்றைய பாகங்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவோ மாமாவோ ஓடிய ரேசிங் சைக்கிள் ஒன்று கொட்டிலில் தொங்குகிறது. அதற்கு இன்றைய பிரேக்கும் கியரும் போட்டு ஓடலாமா? உப்புவெளியிலும் உவர்மலையிலும் கிண்ணியாவிலும் இதே கேள்விதான் வருகிறது. ஓடலாம், நன்றாகவே ஓடலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் பாகத்தை வாங்கிவிட்டு அப்புறம் பிரேமை அளக்கிறார்கள். காசு வீணாவது அங்கேதான். 1970 முதல் 1990களின் தொடக்கம் வரை வந்த ஸ்டீல் பிரேம்களை மனதில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

என்னிடம் இருக்கும் சைக்கிள் இந்த வேலைக்குத் தகுமா?

இங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் மூன்று வகை. ஜப்பானிலிருந்து பாவித்த சாமானாக வந்த பிரிட்ஜ்ஸ்டோன், மியாட்டா, பனசோனிக் போன்றவை ஒன்று. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய இங்கிலாந்து, பிரெஞ்சு சைக்கிள்கள் இன்னொன்று. மூன்றாவது, அன்றாடம் ஓடும் வீட்டு ரலி சைக்கிள். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன். வேலை செய்ய மிகச் சுகமானவை ஜப்பான் பிரேம்கள். புரி அளவுகள் ஒழுங்காக இருக்கும், குழாய்களும் நல்லவை. அவற்றை மலிவுச் சாமான் என்று ஒதுக்குவது பெரிய பிழை.

எந்த வகையானாலும் முதல் வேலை பிரேமைச் சோதிப்பதுதான். ஹாண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் குழாயிலும் கீழ்க் குழாயிலும், அடிப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது. பெயின்ற் அந்த இடத்தில் மட்டும் வளையமாக வெடித்திருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். அடுத்து சீட் தண்டைக் கழற்றி, குழாய்க்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கத்தையும் பின் குழாய்கள் அதில் சேரும் இடத்தையும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேலே கறள் இருப்பது பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினால் அந்தப் பிரேமுக்குச் செலவழிக்க வேண்டாம்.

ரெனால்ட்ஸ் 531 என்று ஸ்டிக்கர் இருக்கிறது. நல்லதா?

மிக நல்லது, ஸ்டிக்கர் உண்மையாக இருந்தால். 1935இல் வந்த மங்கனீசு-மொலிப்டினம் கலந்த உருக்குக் குழாய் அது. முனைகள் தடிப்பாகவும் நடுப்பகுதி மெல்லியதாகவும் இழுக்கப்பட்ட வகையில் பாரம் குறைவு, துள்ளல் அதிகம். சீட் தண்டின் விட்டம் ஒரு துப்புத் தரும். 27.2 மில்லிமீற்றர் என்றால் பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த குழாய். 26 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தால் சுவர் தடித்த சாதாரணக் குழாய். ஜப்பான் சைக்கிள்களில் தாங்கே, இஷிவாட்டா என்ற பெயர்களைத் தேடுங்கள். அவையும் அதே தரத்துக்கு நிற்கும்.

எவற்றை அளக்க வேண்டும்?

ஒரு வேர்னியர் (மில்லிமீற்றரின் பின்னங்களையும் காட்டும் அளவுகோல்) கட்டாயம் வேண்டும். பின் சில்லைக் கழற்றி, அச்சு அமரும் இரண்டு வெட்டுகளின் உட்பக்க இடைவெளியை அளவுங்கள். முன் போர்க்கிலும் அப்படியே. அங்கு 100 மில்லிமீற்றர் வந்தால் கவலை இல்லை. அப்புறம் பெடல் அச்சுக் கூட்டின் அகலம், சீட் தண்டின் விட்டம், ஹாண்டில் தண்டு உள்ளே இறங்கும் பகுதியின் விட்டம், பிரேக் ஆணி ஓட்டையிலிருந்து ரிம்மின் பிரேக் படும் பகுதி வரையான தூரம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, கடைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். கொழும்புக்குப் பாகம் சொல்லி அனுப்புபவர்கள் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். "பழைய ரேசிங் சைக்கிளுக்குப் பின் சில்லு" என்று மட்டும் சொன்னால் எந்தக் கடைக்காரராலும் சரியான சாமானைத் தர முடியாது.

பின் இடைவெளி 126 மில்லிமீற்றர் வருகிறது. புதிய சில்லு 130. என்ன செய்வது?

பின்னால் ஐந்து கியர் இருந்த காலத்தில் இந்த இடைவெளி 120 மில்லிமீற்றர். ஆறும் ஏழும் வந்தபோது 126 ஆனது. எட்டு முதல் பதினொன்று வரையான கியர்களுக்கு ரிம் பிரேக் ரேசிங் சைக்கிள்களில் 130. எனவே 126க்கும் 130க்கும் இடையே ஒரு பக்கத்துக்கு 2 மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஸ்டீல் பிரேமில் பின் கவட்டைக் கையால் இழுத்து விரித்துச் சில்லை உள்ளே விடலாம், அப்படியே பலர் ஓடுகிறார்கள். ஒவ்வொரு பஞ்சருக்கும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதுதான் தொல்லை.

நிரந்தரமாக விரிப்பது நல்ல தீர்வு. சூடு காட்டவே கூடாது, குளிர்ந்த நிலையில்தான் வளைக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் 10 மில்லிமீற்றர் முழுப்புரித் தண்டும் நட்டும் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தள்ளலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளையும் என்று நம்பாதீர்கள். செயின் பக்கத்துக் குழாயில் பல்லுச்சில்லுக்கு இடம் விட ஒரு நெளிவு இருக்கும். அதனால் ஒரு பக்கம் இலகுவாக விட்டுக்கொடுக்கும், மற்றது பிடிவாதமாக நிற்கும். எனக்குப் பிடித்த வழி, நீளமான பலகையை நெம்புகோலாக வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அசைப்பது. ஸ்டீல் திரும்பிச் சுருங்கும். 2 மில்லிமீற்றர் நிலைக்க வேண்டுமென்றால் அதைவிடப் பல மடங்கு தள்ளி விட வேண்டியிருக்கும். ஆகவே கொஞ்சம் தள்ளி, விட்டு, அளந்து, மறுபடி தள்ள வேண்டும்.

சரி பார்ப்பதற்கு ஒரு நூல் போதும். ஒரு பக்க அச்சு வெட்டில் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹாண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்க வெட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரம் சமமாக இருந்தால் பிரேம் நேராக நிற்கிறது. கடைசியாக இரண்டு வெட்டுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். சமாந்தரம் இல்லாவிட்டால் அச்சு வளைந்து ஒரு நாள் முறியும்.

120இலிருந்து 130க்குப் போவதென்றால் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீற்றர். செய்யலாம்தான், ஆனால் அனுபவமுள்ள கையிடம் கொடுங்கள். அலுமினியப் பிரேமையும் விட்டுஸ் 979 போன்ற, குழாய்களைப் பசையால் ஒட்டிய பிரேமையும் ஒருபோதும் வளைக்க வேண்டாம். வளையாமல் வெடிக்கும்.

27 அங்குலச் சில்லை 700சி ஆக மாற்றலாமா?

மாற்றுங்கள். இந்தச் சைக்கிளுக்கு நீங்கள் செய்யும் மிகப் பெரிய நன்மை இதுவாகத்தான் இருக்கும். 27 அங்குல ரிம்மில் ரயர் அமரும் விட்டம் 630 மில்லிமீற்றர், இன்றைய ரேசிங் சில்லின் அளவான 700சி ரிம்மில் 622. ஆரம் 4 மில்லிமீற்றர் குறைகிறது. அதாவது பிரேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். பழைய பிரேக்கின் நீள் வெட்டில் அந்த இடம் இருந்தால் அதே பிரேக்கையே வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் நீளக் கை பிரேக் வாங்க வேண்டும். இன்றைய ரேசிங் பிரேக்குகள் ஏறத்தாழ 39 முதல் 49 மில்லிமீற்றர் வரைதான் எட்டும். பழைய பிரேம்களில் பலவற்றுக்கு இது போதாது. 47 முதல் 57 வரை எட்டுபவையும், டெக்ட்ரோ ஆர்559 போல 55 முதல் 73 வரை எட்டுபவையும் இருக்கின்றன. 700சி சில்லு ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தி, ஆணி ஓட்டையின் நடுவிலிருந்து ரிம்மின் பிரேக் தடம் வரை அளந்த பிறகே வாங்குங்கள்.

பிரேக் ஆணியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய பிரேமில் நட் வெளியே நிற்கும். இன்றைய பிரேக்குக்கு நட் போர்க்கின் உள்ளே புதையும், அதற்கு 8 மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும். சில பிரேக்குகள் வெளி நட் வகையிலும் வருகின்றன. அதையே கேட்டு வாங்கினால் பிரேமைத் துளைக்கத் தேவையில்லை.

27 அங்குலத்திலேயே இருக்க விரும்புபவர்களுக்கு ஒரு தகவல். ஜப்பான் வீட்டுச் சைக்கிள்களில் வரும் 27 × 1⅜ ரயரும் இதே 630 ரிம்மில்தான் அமரும். பிரேமுக்குள் அகல இடமிருந்தால் அதைப் போட்டு ஓடலாம்.

பழைய குரோம் ரிம் பளபளவென்று இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். குரோம் பூசிய ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் தை மாதம் வரை இங்கே வீதி காய்வதில்லை. அந்த மழையில் கிண்ணியாப் பாலத்தால் இறங்கும்போது முன்னால் ஓட்டோ ஒன்று திடீரென்று நின்றால், குரோம் ரிம் உங்களைக் காப்பாற்றாது. அலுமினிய ரிம்மும் புதிய ரப்பர்க் கட்டையும் போட்டால் பிடிப்பில் இருக்கும் வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும். மற்ற எதற்கும் காசில்லை என்றாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

சில்லு கட்டும்போது 36 கம்பி ஹப்பையும் (சில்லின் நடுப்பகுதி) துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகளையும் கேளுங்கள். நாகம் (சிங்க்) பூசிய கம்பி நம் கடலோரத்தில் விரைவில் வெள்ளை பூத்துக் கறள் பிடிக்கும். ரயரில் 28 மில்லிமீற்றர், இடமிருந்தால் 32. பழைய பிரேம்களின் நல்ல குணம், இன்றைய மெல்லிய ரேசிங் பிரேம்கள் பலவற்றைவிட அவற்றில் ரயருக்கு இடம் அதிகம். ரயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3–4 மில்லிமீற்றராவது விட்டிருக்க வேண்டும், மணலும் சிறு கல்லும் சிக்காமல் போக.

டிஸ்க் பிரேக் போடலாமா?

வேண்டாம். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது போர்க்கின் ஒரு காலின் அடிப்பகுதியில் மட்டும் முழு விசையும் விழும். பழைய போர்க் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, வளையும். பின் குழாயில் தகடு ஒட்டி டிஸ்க் பொருத்துவதும் அதே ஆபத்துத்தான். நல்ல ரிம் பிரேக் இந்த ஊருக்குத் தாராளமாகப் போதும்.

எத்தனை கியர் போடுவது? பன்னிரண்டுதானே இப்போது புதியது?

என் தீர்ப்பு: எட்டு அல்லது ஒன்பது. இதைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை.

ஜப்பானிய நிறுவனமான சிமானோவின் எட்டு கியர்க் கசெட்டில் (பின் சில்லில் இருக்கும் பல்லுச்சில்லுத் தொகுதி) ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் நடு இடைவெளி 4.8 மில்லிமீற்றர். பதினொன்றில் அது ஏறத்தாழ 3.7 மில்லிமீற்றர். இடைவெளி குறையக் குறைய, கேபிளில் சேரும் உப்பும் மணலும், செயினை ஒரு பல்லுச்சில்லிலிருந்து மற்றதற்கு நகர்த்தும் பின் டெரெய்லர் தொங்கும் காதின் சிறு வளைவும் கியரைத் தடுமாற வைக்கும். எட்டு கியர் அந்தச் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். அதன் செயினும் கசெட்டும் ஊரிலேயே கிடைக்கும். பன்னிரண்டு கியர்ச் செயின் அறுந்தால் கொழும்புக்குச் சொல்லி விட்டுக் காத்திருக்க வேண்டும். அதோடு சிமானோவின் 105 வரிசையில் பன்னிரண்டு கியர் டிஸ்க் பிரேக்குக்கென்றே வந்தது. நம் பிரேமுக்கு அது பொருந்தவே பொருந்தாது. கிளாரிஸ் எட்டு, சோரா ஒன்பது, டியாக்ரா பத்து என்று ரிம் பிரேக்கோடு வந்த வரிசைகளில் தேடுங்கள். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் ஒரே ஹப் போதும். பிறகு மனம் மாறினால் சில்லை மாற்ற வேண்டியதில்லை.

பிரேக்கையும் பிரேக் பிடியையும் ஒரே தலைமுறையில் வாங்குங்கள். சிமானோவின் புதிய பிடிகள் பழையவற்றைவிடக் கேபிளை அதிகம் இழுக்கும். பழைய பிரேக்கோடு சேர்த்தால் கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் ரிம்மில் பிடிப்புக் குறையும்.

நம் ஊர் தட்டை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியையும் உவர்மலையையும் விட்டால் ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. நிலாவெளி வீதியிலும் கன்னியாப் பக்கமும் ஓடுபவருக்கு முன்னால் ஒரே ஒரு 42 பல்லுச்சில்லும் பின்னால் 11–32 கசெட்டும் போதும். 42க்கு 12 என்ற கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 42க்கு 32இல் மே முதல் செப்டம்பர் வரை எதிரே அடிக்கும் கச்சான் காற்றிலும் மூச்சு வாங்காமல் வரலாம். முன் டெரெய்லர், அதன் கேபிள், அதன் பிடி எல்லாம் மிச்சம். ஆனால் முன்பல்லு செயினைப் பிடித்து வைத்திருக்கும்படி தடிப்பும் மெல்லியதும் மாறிமாறி வரும் வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழியில் விழும்போது செயின் கழலும். கண்டிப் பக்கம் ஏற நினைப்பவர்கள் மட்டும் 50–34 என்று இரண்டு போடுங்கள்.

கீழ்க் குழாயில் இருக்கும் பழைய கியர்ப் பிடியையே வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. கிளிக் என்று நிற்காத அந்தப் பழைய பிடி எந்தக் கசெட்டோடும் வேலை செய்யும், ஏனென்றால் இடத்தை உங்கள் விரல்தான் தீர்மானிக்கிறது. சிமானோவின் கிளிக் முறை 1984இல் வந்தது. பிரேக் பிடியும் கியர்ப் பிடியும் ஒன்றானது 1990இல். அதற்கு முன் எல்லோரும் இப்படித்தான் ஓடினார்கள். புதிய சில்லும் பிரேக்கும் வாங்கிக் காசு முடிந்தவர்கள் பழைய பிடியோடு நிம்மதியாக ஓடலாம். நெரிசல் வீதியில் ஹாண்டிலை விட்டுக் கை கீழே போவதுதான் ஒரே சங்கடம். ஆகவே சந்தைப் பக்கம் தினமும் போய் வருபவர்களுக்கு ஹாண்டிலில் வரும் பிடி நல்லது. அப்போது கீழ்க் குழாயில் பிடி இருந்த குமிழில் கேபிள் நிறுத்தி ஒன்றை மாட்டினால் சரி.

கிளிக் முறை போடுவதென்றால், பின் டெரெய்லர் தொங்கும் காதை முதலில் நிமிர்த்துங்கள். பழைய சைக்கிள் எத்தனை தரம் வலப்பக்கம் விழுந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காது சில்லுக்குச் சமாந்தரமாக இல்லாமல் எந்தப் புதிய கியரும் ஒழுங்காக வேலை செய்யாது.

பெடல் அச்சுக்குப் புதிய கப் பொருந்துமா?

கூட்டின் அகலம் 68 மில்லிமீற்றர் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துப் புரி. அதிர்ஷ்டம்தான், இன்றைய கப் (அச்சின் பேரிங்கைத் தாங்கிக் கூட்டுக்குள் முறுக்கப்படும் வளையம்) அப்படியே இறங்கும். வலக் கப் இடம்புரி என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; கழற்ற வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். 70 மில்லிமீற்றர் என்றால் இத்தாலியப் புரி, இரு பக்கமும் வலம்புரி. பிரெஞ்சு சைக்கிள் 68 காட்டினாலும் புரியின் விட்டம் 35 மில்லிமீற்றர், வேறு அளவு. அங்கே இங்கிலாந்துக் கப்பைப் பலாத்காரமாக முறுக்கினால் கூடு போய்விடும். சந்தேகம் இருந்தால் பழைய கப்பைக் கழற்றி அதன் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

கொட்டர் பின் (அச்சோடு இறுக்கும் ஆப்பு) அடித்த பழைய கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, மாற்றச் சதுர முனை அச்சும் பேரிங்கும் உள்ளே அடைத்த கட்ரிட்ஜ் வாங்குவது மலிவான வழி. உப்பு உள்ளே போகாது. அச்சின் நீளத்தைக் கிராங்குக்கு ஏற்றபடி எடுங்கள், 113 மில்லிமீற்றருக்கு வடிவமைத்த கிராங்குக்கு 122 போட்டால் செயின் கோணலாக ஓடும்.

சீட் தண்டு அசையவே மாட்டேன் என்கிறது.

அலுமினியத் தண்டு, ஸ்டீல் குழாய், இடையில் உப்பு ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு வந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர் என்பதால் இங்கே இது மிகவும் சாதாரணம். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பெடல் அச்சுக் கூட்டின் வழியாக ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சில நாள் பொறுங்கள். பிறகு தண்டின் தலையைப் பெரிய வைஸில் இறுக்கி, முழுப் பிரேமையும் பிடித்து மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். பைப் ரென்ச்சைவிட இதில் பலம் அதிகம். அப்படியும் வராவிட்டால் தண்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே வாள் அலகு விட்டு நீளமாக ஒரு கீறல் போட்டுச் சுருக்கி எடுக்கலாம். நாள் பிடிக்கும், பிரேம் தப்பும். காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைக்கிறார்கள் சிலர். அதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வரும், கண்ணில் பட்டால் பார்வை போகும். வீட்டில் செய்யாதீர்கள்.

ஹாண்டிலை மாற்றலாமா?

பழைய தண்டு 22.2 மில்லிமீற்றர் என்றால் அதற்குள் இறங்கும் அடப்டர் ஒன்று கிடைக்கும், அதன் மேல் இன்றைய தண்டும் 31.8 ஹாண்டிலும் போடலாம். பிரெஞ்சில் 22.0. அந்த 0.2ஐத் தட்டி இறக்க வேண்டாம். பழைய மெல்லிய தண்டே பிரேமுக்கு அழகு என்பது என் எண்ணம்.

உப்புக்காற்றிலிருந்து எப்படிக் காப்பது?

நல்ல பாகங்களைப் போட்டுவிட்டுப் பிரேமைக் கறளுக்குக் கொடுத்தால் எல்லாச் செலவும் வீண். வாடை கடலிலிருந்து நேரே உப்பைக் கொண்டுவந்து வீசும். உப்புவெளியிலும் டச்சுக்குடாப் பக்கமும் இருப்பவர்களின் வீட்டுக் கேற்றைப் பார்த்தாலே தெரியும்.

எல்லாப் பாகமும் கழன்று பிரேம் வெறுமையாக இருக்கும் அந்த நாளைத் தவற விடாதீர்கள். குழாய்களின் உட்பக்கத்தைக் காக்க அதுதான் தருணம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை, பெயின்ற் கடையில் கிடைப்பது, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஊற்றிப் பிரேமை எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். மிச்சத்தை வடித்துக் காய விடுங்கள். அது காய்ந்து உள்ளே படலமாகப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது காய்ந்து படலம் கட்டாது, மழைக்குக் கழுவுண்டு போகும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள்.

எல்லாப் புரியிலும், சீட் தண்டிலும், ஹாண்டில் தண்டிலும் தாராளமாகக் கிறீஸ். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மீன்பிடிப் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் கடல் நீருக்குத் தாங்கும் கிறீஸ் கிடைக்கும், அதையே வாங்குங்கள். அதே கடையில் துருப்பிடிக்காத ஆணிகளும் இருக்கும். மட்காட், போத்தில் தாங்கி போன்றவற்றுக்கு அவை நல்லது. ஹாண்டில் தண்டையும் சீட்டையும் பிடித்திருக்கும் ஆணிகளுக்கு மட்டும் பாவிக்க வேண்டாம்; அவற்றோடு வந்த கடின உருக்கு ஆணிக்கு நிகரான பலம் சாதாரணத் துருப்பிடிக்காத ஆணிக்கு இல்லை.

கடற்கரை வீதியில் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாகனம் கழுவும் விசைக் குழாய் வேண்டாம், அது பேரிங்குக்குள் தண்ணீரைத் தள்ளிவிடும். வாடைக்கு முன் ஒரு தரமும் முடிந்த பின் ஒரு தரமும் சீட் தண்டைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசினால் மேலே சொன்ன வாள் வேலை உங்களுக்கு ஒருநாளும் வராது.

உடைந்த பிரேமை ஒட்டலாமா?

ஆர்க் வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள். கேற்றும் கூரையும் ஒட்டுகிற சூடு மெல்லிய குழாயைப் பாழாக்கும், 531ஐக் குறிப்பாக. அது பித்தளை அல்லது வெள்ளி கொண்டு, குறைந்த சூட்டில், லக்குகளோடு (குழாய்கள் செருகும் உலோக மூட்டுகள்) இணைக்கப்பட்ட பிரேம். அந்த முறை தெரிந்த கையிடம் மட்டும் கொடுங்கள்.

பெயின்ற் அடித்துப் புதிதாக்கலாமா?

பழைய ஸ்டிக்கரும் கோடுகளும் பாதியாவது மிஞ்சியிருந்தால் அடிக்க வேண்டாம் என்றே சொல்வேன். கறள் பிடித்த இடங்களை மட்டும் சுரண்டி, பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் நீக்கி பூசி, தொட்டுத் தொட்டு நிறம் வையுங்கள். முழுவதும் போனதென்றால் பவுடர் கோட் நம் காற்றுக்கு நன்றாக நிற்கும். அனுப்ப முன் பெடல் அச்சுக் கூட்டின் புரியையும் ஹாண்டில் குழாயின் வாயையும் மூடி அனுப்புங்கள், இல்லாவிட்டால் உள்ளே படிந்த பவுடரைச் சுரண்டவே ஒரு நாள் போகும்.

வீட்டு ரலியை இப்படி மாற்றலாமா?

பெரிய அளவில் வேண்டாம். அதன் 28 அங்குலச் சில்லின் ரிம் 635 மில்லிமீற்றர், பின் இடைவெளி 120ஐ விடவும் குறைவு, பெடல் அச்சுக் கூட்டில் அங்குலத்துக்கு 26 புரி என்ற ரலியின் சொந்த அளவு. எதுவும் எதோடும் சேராது. நல்ல ரயர், புதிய பிரேக் கட்டை, புதிய போல்ஸ், கிறீஸ். அவ்வளவும் செய்தால் அது இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும்.

காசு கொஞ்சம்தான். எந்த ஒழுங்கில் செலவழிப்பது?

முதலில் அலுமினிய ரிம் சில்லுகள், ரயர், பிரேக், கேபிள். நின்று வர முடியாத சைக்கிளுக்குக் கியர் எதற்கு? அடுத்து பெடல் அச்சு, ஹாண்டில் பேரிங். அப்புறம் கசெட், செயின், பின் டெரெய்லர். பிடிகள் கடைசி. இந்தப் பாகங்கள் எல்லாம் இறக்குமதி, விலை டொலரோடு ஏறி இறங்கும். எனவே ஒரேயடியாக வாங்காமல் இந்த ஒழுங்கில் துண்டு துண்டாக வாங்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் சைக்கிள் ஓடும் நிலையில் இருக்கும். கழற்றிய பழைய பாகங்களை எறிய வேண்டாம், எண்ணெய் பூசிப் பெட்டியில் வையுங்கள். இத்தாலியப் பாக நிறுவனமான கம்பக்னோலோவின் பெயர் பொறித்த எதையும் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தேடி வாங்குகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

காலையில் வாகனம் குறைந்த நேரம் நிலாவெளி வீதியில் கொஞ்சத் தூரம் போங்கள். பையில் அலன் சாவிகள் இருக்கட்டும். முதலில் தளர்வது பெரும்பாலும் இடது கிராங்க் ஆணி, அதைத் தொட்டுப் பாருங்கள். புதிய கேபிள் உறை தன் இடத்தில் அமரும்போது கியர் சற்று விலகும். பின் டெரெய்லரின் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பினால் சரியாகும். பிரேக்கை வெறும் வீதியில் பலமாகப் பிடித்துப் பார்த்த பிறகே கோணேசர் கோயில் இறக்கத்துக்குப் போங்கள். கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும், கும்பிட வருபவர்களும் நடப்பார்கள், மெதுவாகவே இறங்குங்கள். சில கிழமைகள் ஓடிய பின் சில்லுகளைக் கட்டியவரிடமே கொண்டுபோய்க் கம்பிகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டிய சில்லில் அதற்குள் சில கம்பிகள் தளர்ந்திருக்கும்.